குண்டக்காவின் விரல்

தையல் ஆலையின் மருத்துவ அறையில் ரத்தம் பார்க்கும் வரிசை ஊர்கிறது. ரத்தம் குறைவென்றால் வேலை கிடையாது, நேரே வீடுதான். மாசமாக இருக்கும் சின்னவளுக்கு நிற்கும்போதே கண் இருட்டுகிறது. அவள் பெயரைக் கூப்பிட்டதும் பக்கத்து மெஷின் குண்டக்கா முந்திக்கொண்டு தன் விரலை நீட்டுகிறாள். "என் உடம்புல ரத்தத்துக்கா பஞ்சம்? நீ சும்மா நில்லுடி," என்று கிசுகிசுக்கிறாள். நர்ஸ் தலை நிமிராமல் குத்துகிறாள். சொட்டு, வரலாமா வேண்டாமா என்று யோசித்து, வெளிறிப்போய் எட்டிப் பார்க்கிறது. "இருக்க வேண்டியதுல பாதிதான் இருக்கு. எப்படிம்மா நடமாடுறே? வீட்டுக்குக் கிளம்பு." மின்விசிறி கடகடக்கிறது. "மூணு பெத்தேன், ஒருத்தரும் குத்திப் பாக்கலடி," என்று குண்டக்கா சின்னவளின் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். அடுத்து குண்டக்காவின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். சின்னவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தன் விரலை நீட்டுகிறாள்.