பெலார்மினாவின் ஆள்

"கையை எடுய்யா! அது என் ஆளு!"

பெலார்மினா போட்ட சத்தத்தில் கல்லறைச் சுவர்மேல் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. தொப்பி போட்ட அந்த வெளியூர்க்காரர் மட்டும் அசையவில்லை. கல்லறைப் பலகையில் இருந்த 'எவெலியோ கிராஹாலெஸ்' என்ற பெயரை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

கொலம்பியாவில் உள்நாட்டுச் சண்டை நடந்த வருடங்களில் மக்தலேனா ஆறு எங்கள் ஊர்க் கரையில் பிணங்களாகக் கொண்டுவந்து ஒதுக்கியது. கேட்பாரற்ற அந்தப் பிணங்களை அடக்கம் செய்து, ஆளுக்கொன்றாகத் தத்தெடுத்துக்கொண்டோம். திங்கட்கிழமை தோறும் பலகையைத் தட்டி எழுப்பி, பூவும் தண்ணீரும் வைத்தால், கேட்டதை அந்த ஆத்மா செய்து கொடுக்கும். மற்றவர்களின் ஆத்மாக்களுக்கெல்லாம் நாங்களாக வைத்த பெயர்தான். பெலார்மினாவின் ஆத்மாவுக்கு மட்டும் சொந்தப் பெயர்; பிணத்தின் சட்டைப்பையில் அடையாள அட்டை இருந்தது. அட்டையிலிருந்த படம் தண்ணீரில் அழிந்திருந்தாலும் அவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

இன்றைக்குக் காணாமல்போனவர்களைத் தேடும் அரசாங்கக் குழு வந்திருந்தது. உறவு என்று யாராவது நிரூபித்தால் எலும்புகளை அவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். பதினாலு வருடம் பூ வைத்தவள் சும்மா விடுவாளா?

"இத்தனை வருஷமா எங்கய்யா போயிருந்தே?"

"ரொம்ப தூரத்துல இருந்தேம்மா. போன மாசந்தான் கேள்விப்பட்டேன்." சொல்லி முடிப்பதற்குள், அவள் கையில் இருந்த லில்லிப் பூங்கொத்துக்கு மூன்று தும்மல் போட்டார்.

"எம் பொண்ணுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே இவருதான். மருமகன் குடியை நிறுத்தினதும் இவருதான், தெரியுமா?"

தொப்பிக்காரர் சிரித்துவிட்டார். "எவெலியோவா? அவன் குடியை நிறுத்த முடியாம அவங்கம்மா தலையால தண்ணி குடிச்சா. பத்து மணிக்கு முன்னால எந்திரிக்க மாட்டான், அவன் வேலை வாங்கிக் குடுத்தானாக்கும்!"

"ஆத்மாவைப் பழிச்சுப் பேசாதே, நாக்கு அழுகிடும்!"

"பூ வேற லில்லியா வைக்கிறீங்க. அவனுக்கு அது ஆகவே ஆகாது."

பெலார்மினாவுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு தெரிந்தவன் கூடப் பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். அதற்குள் குழுவைச் சேர்ந்த யூலியெத், பஞ்சு சுற்றிய குச்சியோடு வந்து நின்றாள்.

"உறவுக்காரரா ஐயா? வாயைத் திறங்க, எச்சில் எடுக்கணும். பொருந்திச்சுன்னா எலும்பு உங்களுக்குத்தான்."

பெலார்மினா பலகையை முதுகால் மறைத்துக்கொண்டாள். கோபமெல்லாம் வடிந்து அழுகை வந்துவிட்டது.

"ஐயா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். சனிக்கிழமை எம் பேத்திக்கு இருதய ஆபரேஷன். எல்லாத்தையும் இவர்கிட்டதான் சொல்லி வச்சிருக்கேன். அதுவரைக்குமாவது விட்டு வைங்களேன்!"

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். சிரிப்பு போய், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. குச்சியை மெல்ல விலக்கினார்.

"வேணாம்மா. பொருந்தாது."

யூலியெத் படிவத்தைப் புரட்டினாள். "அப்போ என்ன உறவுன்னு எழுதட்டும்? அண்ணனா, தம்பியா?"

"எவெலியோவே நான்தாம்மா. என் அட்டையைத் திருடின எவனோதான் உள்ள கிடக்கான். எலும்பு அவங்ககிட்டயே இருக்கட்டும், எம் பேரை மட்டும் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க!"