ஆரோக்கியமானவரின் ரத்தம்

மனிதன் பொய் சொல்வான். ரத்தம் ஒருபோதும் பொய் சொல்லாது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை டாக்டர் இப்படிச் சொல்லி நிறுத்தியதும், சுற்றி நின்ற பயிற்சி டாக்டர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். புது மெஷின் மட்டும் மௌனமாக இருந்தது. அதன் பிளக்கை யாரோ காலால் இடறிவிட்டிருந்தார்கள்.

லேப்காரர் குனிந்து பிளக்கைச் செருகினார். ரத்தம் பேசத் தயாரானது.

விஷயம் எளிதுதான். நிமோனியா வந்தால் எக்ஸ்ரேயில் நுரையீரல் வெள்ளையாகத் தெரியும். வெள்ளையடித்துவிட்டுப் போனது பாக்டீரியாவா வைரஸா என்பது எக்ஸ்ரேக்குத் தெரியாது. உடம்புக்குத் தெரியும். வைரஸ் நுழைந்தால் அது ஒருவகைப் புரதத்தை ரத்தத்தில் சுரந்துவிடும். பாக்டீரியா என்றால் வேறுவகை. எது எவ்வளவு இருக்கிறது என்று இந்த மெஷின் அளந்து சொல்லிவிடும்.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு டெய்லர் குழாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார். வயிற்று ஆபரேஷனுக்கு வந்தவர். வயிறு ஆறிவிட்டது, அதற்குள் நிமோனியா வந்து நெஞ்சு கெட்டுவிட்டது. பாக்டீரியாவாக இருக்கும் என்று ஏற்றிய மருந்து அவருடைய சிறுநீரகத்தைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. வைரஸ் என்று தெரிந்தால் அதை நிறுத்திவிடலாம்.

கதவுக்கு வெளியே அவர் மனைவி நின்றாள்.

டெய்லருக்குக் காய்ச்சல் கண்ட நாளிலிருந்து அவளுக்கு உள்ளே அனுமதி இல்லை. அவள் குரலுக்குத்தான் அவர் கண் திறக்கிறார் என்று நர்ஸ் சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை. வார்டுக்குள் கிருமியைக் கொண்டுவருவது உறவினர்கள்தான் என்பது தலைமை டாக்டரின் கொள்கை. அடுத்த மாத மாநாட்டில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறார். ஆதாரத்துக்காக மனைவியின் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லியிருந்தார்.

"ஏம்மா, பஸ்லதானே வர்றே? எத்தனை பேர் தும்முவான் அதுல?" என்று அவளிடமே கேட்டார்.

"தும்முறவனுக்கெல்லாம் நானா டிக்கெட் எடுத்தேன், டாக்டர்? வேணும்னா இந்தக் கையிலயும் ரத்தம் எடுத்துக்குங்க. ஒரே ஒரு தடவை உள்ள விடுங்க. நான் இங்கேருந்து கத்துனா அவருக்குக் கேக்குமா?"

பயிற்சி டாக்டர் ஒருத்தி சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்து, இடம் பொருத்தமில்லை என்று விழுங்கிவிட்டாள்.

லேப்காரர் தொண்டையைச் செருமினார். "சார், மெஷின் சரியா சொல்லுதான்னு பாக்க, நல்லா இருக்கற ஒருத்தரோட ரத்தமும் வேணும்."

நாலைந்து கைகள் நீண்டன. தலைமை டாக்டர் தன் சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கியதும் அத்தனையும் மரியாதையாக மடங்கிக்கொண்டன. ஆரோக்கியத்திலும் அவர்தானே சீனியர். டியூபில் பெயரை அவரே எழுதினார். பட்டங்களுக்கு இடம் போதாமல் இன்னொரு லேபிள் ஒட்ட வேண்டியிருந்தது.

மெஷின் உறுமியது.

டெய்லரின் மனைவி கண்ணாடி வழியே கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கொடுத்தாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான். டாக்டர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்? காய்ச்சலுக்கு முன்னால் உள்ளே போய்ப் புருஷன் முகத்தைத் துடைத்துவிட்டது பஸ்ஸில் கையில் சுருட்டி வைத்திருந்த அதே கைக்குட்டைதான். ஆசையாகத் துடைத்தோமே, அதிலேயே ஆளைக் கவிழ்த்துவிட்டோமோ? இதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் மாநாட்டில் சொல்லிவிடுவார்கள்.

மெஷின் நின்றது.

முதலில் டெய்லர். வைரஸ்.

"அந்த மருந்தை நிறுத்துங்க," என்றார் தலைமை டாக்டர். சரியான முடிவு. அவர் அரைகுறை டாக்டர் அல்ல.

அடுத்து மனைவி. வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்தக் கைக்குட்டையை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாவது, ஆரோக்கியமானவர். வைரஸ். டெய்லருக்கு இருந்ததைவிட அதிகம்.

எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

"டியூப் மாறிப்போயிருக்கும்," என்றார் தலைமை டாக்டர்.

"ரெண்டு லேபிள் இருக்கறது உங்க டியூப் ஒண்ணுதான் சார்," என்றார் லேப்காரர்.

"பேசிப் பேசித் தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கு. அவ்வளவுதான்யா. அதுக்குப் போய்..."

அவர் பாதியில் நிறுத்தி, கதவிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். தள்ளி நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை; கிருமியோடு யாரும் உள்ளே போகக் கூடாது என்ற விதியை எழுதியவரே அவர்தான்.

நர்ஸ் மனைவிக்கு மேலங்கியையும் மாஸ்க்கையும் மாட்டிவிட்டாள். "போங்கக்கா. கையைப் புடிச்சுக்கிட்டுப் பேசுங்க."

"இங்க பாருங்க, நான்தான் வந்திருக்கேன்," என்று உள்ளே கேட்டது. டெய்லரின் இமை அசைந்ததை வெளியே நின்ற எல்லோரும் கண்ணாடி வழியே பார்த்தார்கள். தலைமை டாக்டரும் பார்த்தார்.

போன வாரம் முழுக்க அவர் காலை வகுப்பு எடுத்தது அந்தத் தலைமாட்டில் நின்றுதான். கடைசியில் நிற்பவருக்கும் குரல் கேட்க வேண்டும் என்று மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கி விட்டிருந்தார்.