காய்ந்திருந்த உப்புப் பெட்டி

2024 மார்ச் 23, சனிக்கிழமை முற்பகல். ஜேர்மனியின் ஹம் நகரின் ஓரத்திலுள்ள வண்டித் தரிப்பிடத்தில், ஒக்டோபரில் பூட்டிய எட்டு மீற்றர் நீளக் கரவன் வீட்டுவண்டியைக் கேதீசனும் அவன் மனைவி தயாளினியும் திறக்கிறார்கள்.

உள்ளே பூஞ்சண வாடை இல்லை. யன்னல் வெயிலில் மேசை தூசியில்லாமல் பளபளக்கிறது. குளிர்காலத்து ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைத்த உப்புப் பெட்டியைத் தயாளினி இழுத்துப் பார்க்கிறாள். ஒவ்வொரு வருடமும் விளிம்புவரை தண்ணீர் நிற்கும். இந்த முறை உப்பு கட்டிபட்டுக் காய்ந்து கிடக்கிறது. "இந்த வருசம் குளிர் குறைவெல்லே," என்கிறான் கேதீசன், அவள் எதுவும் கேட்காமலே. ஒக்டோபரில் இருவரும் சேர்ந்து தூக்கி வைத்த, ஹீற்றருக்கான காஸ் சிலிண்டரை அவள் ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுகிறாள். "அப்ப காஸை எலி குடிச்சிட்டுதோ?" "லீக்காக்கும்." "லீக்கெண்டா மணக்குமப்பா." அவன் சாவிக்கொத்தைக் கை மாற்றுகிறான். வெயில் ஏறியதில் கூரைத் தகரம் ஒருமுறை டக்கென்கிறது. அவள் பாத்திரத் தொட்டியின் வடிகட்டிக்குள் விரலை விட்டு எதையோ எடுக்கிறாள். மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, நார் நாராகக் காய்ந்திருக்கிறது. அதை மேசையில், வெயில் விழும் இடத்தில் வைக்கிறாள். "புதன்கிழமை வேலைக்குக் கட்டித்தந்த கறி. எங்க வச்சுச் சாப்பிட்டனீங்கள்?"

கேதீசன் இருக்கையில் உட்காருகிறான். அந்த மெத்தை ஏற்கெனவே அவன் அளவுக்குக் குழிந்திருக்கிறது.

தொழிற்சாலையில் அவனுக்கு வேலை போனது ஜனவரி 31ஆம் திகதி.