ஆணி ஏறாத சுவர்

செங்கல் ஒன்றுகூட இல்லாமல், வார்த்தெடுத்த கான்கிரீட் பலகைகளை நிறுத்தியே கட்டுகிற வீடு நூறு வருஷத்துக்கு அசையாது என்று தில்லை நகர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் செபஸ்தியான்தான். அந்தப் பேச்சை நம்பித்தான் மனைவி ரோசரி இந்த வீட்டுக்காகத் தாய்வீட்டு வயலை விற்றுக்கொடுத்தாள். இன்று பங்குச் சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வருகிறார். அதற்குள் புதிதாக வாங்கிய திருஇருதய ஆண்டவர் படத்தை மாட்டியாக வேண்டும். ரோசரி மெழுகுவர்த்தியோடு வாசலில் நிற்கிறாள். கூடத்தில் செபஸ்தியான் அடிக்கும் முதல் ஆணி வளைகிறது. இரண்டாவதும் வளைகிறது. “பாத்தீங்களா உறுதிய!” என்று, வேடிக்கை பார்க்க வந்த அடுத்த வீட்டு மயிலம்மாளிடம் சிரிக்கிறார். மூன்றாவது ஆணிக்குச் சுவர் அப்பளமாக உடைந்து உதிர்கிறது. உள்ளே கம்பி. விரல் பட்டதும் துரு செதில் செதிலாகக் கொட்டுகிறது. கட்டி ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. மாலை வெயில் ஜன்னல் வழியே வந்து நேராக அந்தக் குழியில்தான் விழுகிறது. “என்னண்ணே, வீடு பூராவும் இப்படித்தானா?” “மெதுவாப் பேசுங்கம்மா, ரோசரி காதுல விழுந்துடும்.” சாமியார் உள்ளே வந்துவிடுகிறார். செபஸ்தியான் படத்தைக் குழியின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொள்கிறார். தீர்த்தம் தெளித்தாகிறது, மற்ற எல்லாரும் முழந்தாளிடுகிறார்கள். மயிலம்மாளின் பார்வை படத்தைவிட்டு நகரவில்லை. “வந்து முட்டி போடுங்க,” என்று ரோசரி கிசுகிசுக்கிறாள். அழுத்திப் பிடித்தவரின் வெள்ளைச் சட்டைக் கையில் சிவப்புத் துருத்தூள் மெல்ல இறங்குகிறது. “நான் நின்னுக்கிட்டே செபம் சொல்றேன்,” என்கிறார் செபஸ்தியான், கையை எடுக்காமல்.