ஏழாம் நம்பருக்கு ஓய்வு

வாசலில் லாரி தயாராக நின்றது. ஏழாம் நம்பர் காளையைக் கழித்துக்கட்ட டாக்டரம்மாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"போடும்மா. விந்து சரியில்லாத காளைக்கு வெட்டியா தீனி போடவா?" பண்ணை அதிகாரி மேசையைத் தட்டினார்.

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். பேனாவைத் தொடவில்லை.

"காளைமேல தப்பில்ல சார். உயிரணு எல்லாம் முத்தாமலே வந்திருக்கு. விதைப்பைக்குள்ள இருக்கிற குழாய்ல நாள்கணக்கா தங்கி, அங்க ஊறுற புரதம் மேல படிஞ்சாத்தான் அது முத்தும். அதுக்கு அவகாசமே குடுக்காம யாரோ தினமும் வேலை வாங்கியிருக்காங்க."

"ஒரு வாரமா ஓய்வுன்னு ரிஜிஸ்டர்ல இருக்கே!"

"ரிஜிஸ்டர்ல இருக்கு. கொட்டில்ல காளை இருந்துச்சான்னு கேளுங்க."

கதவோரம் நின்ற காளைக்காரனுக்கு முகம் வெளுத்தது. கையிலிருந்த மூக்கணாங்கயிற்றை அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிப்பதை டாக்டரம்மா பார்த்தாள். அவளுக்கே பாவமாகிவிட்டது.

அதிகாரி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"எவன் வீட்டு மாட்டுக்குய்யா ஓட்டிட்டுப் போன?"

"கேக்காதீங்க சார். சொன்னா என் வேலை போயிடும்."

"சொல்லலேன்னா மட்டும் இருக்குமா? இப்பவே போலீஸைக் கூப்பிட்டு உன்னை மாமனார் வீட்டுக்கு அனுப்பறேன் பாரு!"

காளைக்காரன் பொத்தென்று அவர் காலில் விழுந்தான்.

"தெரிஞ்சுபோச்சா சார்? சத்தியமா இனிமே அங்க ஓட்டிட்டுப் போகவே மாட்டேன்! உங்க வீட்டம்மாதான், அவங்கப்பா வீட்டுல ஆறு மாடு நிக்குது, உங்க காதுல மட்டும் விழக் கூடாதுன்னு சொன்னாங்க."

அதிகாரி கையிலெடுத்த போனை மெல்லக் கீழே வைத்தார்.

"சார், லாரியைப் போகச் சொல்லிடலாமா?" என்றாள் டாக்டரம்மா.