பதினேழாம் எண் செருப்பு

எங்கள் காப்பகத்தில் முப்பத்திரண்டு கட்டில்கள். ஒவ்வொரு தலையணைக்கு அடியிலும் ஒரு ஜோடி செருப்பு. தெருவில் படுத்துப் பழகியவர்கள் அப்படித்தான் தூங்குவார்கள். கழற்றி ஓரமாக விட்டால் விடிவதற்குள் எவனாவது மாட்டிக்கொண்டு போய்விடுவான். ஆனால் இங்கே கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார். சேறு அப்பிய தலையணை உறைகளைத் தினமும் ஊறப்போட்டுக் கசக்குவது நான். வாசலில் செருப்புக்கென்றே ஓர் அலமாரி வைத்துக் கட்டில் எண்களை ஒட்டினேன். கெஞ்சினேன், கத்தினேன். மூன்று மாதமாக அதில் ஒரு பல்லிதான் குடியிருக்கிறது.

பதினேழாம் கட்டில் சடையப்பனிடம் நேற்றும் தொண்டை வற்றக் கத்தினேன்.

“வச்சிர்றேன் தாயி” என்றார், முந்தாநாள் சொன்ன அதே குரலில்.

இந்த வேலையே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடும் முடிவோடுதான் இன்று காலை வந்தேன். அலமாரியில் பதினேழாம் எண்ணுக்கு மேலே ஒரு செருப்பு இருந்தது. வலது கால் மட்டும்.

உள்ளே போய் சடையப்பனின் தலையணையைத் தூக்கினேன். இடது கால் அங்கே இருந்தது.

“என்னண்ணே இது?”

அவர் டீயை ஊதிக் குடித்தார். “மொதல்ல அது ஒண்ணு இருந்து பாக்கட்டும் தாயி.”

தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சிரிப்பு வேறு வந்து தொலைத்தது. நாற்காலியை இழுத்து அலமாரிக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துவிட்டேன். நாய் கீய் தூக்கிக்கொண்டு போனால், என் மூன்று மாதமும் போச்சு.