காரின் விக்கல்

பட்டறையின் தகரக் கூரை ஓட்டை வழியாக இறங்கும் வெயிலில் கார் நின்றபடியே குலுங்குகிறது. சீராக இரண்டு மூச்சு விடுகிறது, பிறகு விக்குகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் பொம்மை தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறது. “இன்ஜின் போயிடுச்சா மாப்ளே?” கார்க்காரர் நாடி பார்ப்பவர்போலப் பானட்டில் கை வைத்திருக்கிறார். “வித்துத் தொலைங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்” என்கிறாள் பக்கத்தில் நிற்கும் மனைவி. மெக்கானிக் அவளுடைய தம்பிதான். அவன் இன்ஜினை நிறுத்தி, பெட்ரோல் குழாயைக் கழற்றி, காலி ஜூஸ் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்குகிறான். மூன்று தலைகளும் அண்ணாந்து பார்க்கின்றன. மேலே தேன் நிறத்தில் பெட்ரோல், அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கலங்கலாக வேறு ஏதோ. “தண்ணி, மாமா.” “பங்க்குல கலந்திருப்பான்!” என்று பாய்கிறார் மாமா. தம்பி பாட்டிலை மூடி ஒரு குலுக்குக் குலுக்குகிறான். நுரை பொங்கிக் கழுத்துவரை ஏறி நிற்கிறது. “தண்ணி கலப்பான், சரி. நுரையுமா கலப்பான்?” டேங்க் மூடியைத் திறந்து காட்டுகிறான், ரப்பர் வளையம் கிழிந்து தொங்குகிறது. “நீங்க பைப் வச்சு அடிக்கிறது இது வழியாத்தான் உள்ள போகுது. தினமும் எதைப் போட்டுக் கழுவுறீங்க?” மாமா துணியை எடுத்து, துடைத்த இடத்தையே துடைக்கிறார். அக்கா பாட்டிலைப் பார்க்கவில்லை. கண்ணாடியாய் மின்னும் கார்க் கதவில் தன் வறண்ட தலைமுடியைப் பார்க்கிறாள். “அதான் என் ஷாம்பு வாராவாரம் காலியாகுதா?”